கசங்கிய காகிதம் போன்ற செல்: ஒரு சி.எம்.எல். மஜ்ஜையும் ரிப்போர்ட்டில் நான் எழுதிய ஒரு வரியும்

சி.எம்.எல். ஒரு வகை ரத்தப் புற்றுநோய். இந்தக் கேஸில் அதைக் கண்டுபிடிப்பது பெரிய வேலையே இல்லை. ரத்த ஸ்மியரை, அதாவது கண்ணாடித் துண்டில் மெல்லிசாகத் தேய்த்த ரத்தத்தை, மைக்ராஸ்கோப்பில் வைத்த இரண்டாவது நிமிடமே விஷயம் தெரிந்துவிட்டது. அப்புறம் எதற்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன் என்றால், எலும்பு மஜ்ஜை ரிப்போர்ட்டின் நான்காவது வரியில் போகிற போக்கில் நான் எழுதிவைத்த "கோஷே போன்ற செல்கள் காணப்படுகின்றன" என்ற ஒரு வாக்கியத்தால்தான். மருத்துவ ரீதியாக அதில் தப்பே கிடையாது. ஆனாலும் அது ஒரு குடும்பத்தை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. நோயாளியை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன், செல்களை மாற்றவில்லை.

நோயாளி 46 வயதுப் பெண். ஆறு மாதமாகச் சோர்வு, கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிட்ட மாதிரி இருக்கிறது, எடை 6 கிலோ குறைந்திருக்கிறது, இடது விலாவுக்குக் கீழே ஏதோ கனமாகத் தொங்குகிற உணர்வு. காய்ச்சல் இல்லை. எலும்பு வலி இல்லை, இதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். பரிசோதித்த மருத்துவர் மண்ணீரல் விலா விளிம்பிலிருந்து 9 செ.மீ. இறங்கியிருப்பதாக எழுதியிருந்தார். நிணநீர்க் கட்டிகள் எங்கும் இல்லை.

ரத்த எண்ணிக்கை: ஹீமோகுளோபின் 9.4 கிராம், வெள்ளணுக்கள் 1,86,000, பிளேட்லெட் 6,40,000. வெள்ளணு 11,000-ஐத் தாண்டினாலே அதிகம் என்று ரிப்போர்ட்டில் அம்புக்குறி போடுவோம், இங்கே அதைப் போல பதினேழு மடங்கு.

ஸ்மியரில் நூறு வெள்ளணுக்களை எண்ணியபோது நியூட்ரோஃபில் 41, பேண்ட் 8, மெட்டாமயலோசைட் 10, மயலோசைட் 24, புரோமயலோசைட் 3, பிளாஸ்ட் 2, பேசோஃபில் 6, ஈசினோஃபில் 4, லிம்ஃபோசைட் 2. பேண்ட் முதல் பிளாஸ்ட் வரை உள்ளவை நியூட்ரோஃபிலாக வளரும் வழியில் இருக்கும் முதிராத செல்கள், அவற்றில் பிளாஸ்ட்தான் மிக இளசு. இந்தப் பட்டியலில் என் கண் போனது இரண்டு இடங்களுக்கு. ஒன்று, நியூட்ரோஃபிலில் ஒரு மேடு, நடுவே ஒரு பள்ளம், மயலோசைட்டில் இன்னொரு மேடு. கிருமித்தொற்றில் வெள்ளணு எகிறும்போது இப்படி இரட்டை மேடு வருவதில்லை, பெரும்பாலும் முதிர்ந்த செல்களும் பேண்ட்களும்தான் கூடும், நச்சுத் துகள்கள் கறுப்பாகத் தெரியும். இரண்டு, பேசோஃபில் 6. சாதாரண ரத்தத்தில் நூற்றுக்கு ஒன்று தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய செல் அது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நாள்பட்ட மயலாய்டு லுகேமியா, அதாவது சி.எம்.எல்., என்பதைத் தவிர வேறு பெயர் மனதில் வராது. வாய்ப்புள்ள மற்ற நோய்களை வரிசையாக எழுத வேண்டுமே என்பதற்காக எழுதலாம், எழுதினேன், ஆனால் நம்பி எழுதவில்லை.

மஜ்ஜை எடுத்தது, குரோமோசோம் பார்க்கவும் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளவும்தான். ஆஸ்பிரேட் ஸ்லைடில், அதாவது ஊசியால் உறிஞ்சியெடுத்த மஜ்ஜையில், கொழுப்புக்கு இடமே இல்லை, எங்கு பார்த்தாலும் கிரானுலோசைட் வரிசைச் செல்கள், அதாவது நியூட்ரோஃபிலும் அதன் உறவுகளும். வெள்ளணு முன்னோடிகளுக்கும் சிவப்பணு முன்னோடிகளுக்கும் உள்ள விகிதம் 18-க்கு 1. சாதாரணமாக அது 2-க்கு 1, 3-க்கு 1 என்ற அளவில் இருக்கும். பிளாஸ்ட் 3 சதவீதம், ஆக நாள்பட்ட கட்டம்தான். பிளேட்லெட்டை உண்டாக்கும் மெகாகேரியோசைட்கள் குட்டையாக, மடல் பிரியாத ஒற்றை உட்கருவோடு இருந்தன. சி.எம்.எல்.-இல் இவை இப்படிச் சிறுத்துப்போயிருக்கும், பிளேட்லெட் மட்டும் கூடுகிற த்ராம்போசைத்தீமியாவில் நேர்மாறாக யானை மாதிரி பெருத்திருக்கும். எலும்போடு சேர்த்துத் துண்டாக எடுக்கும் ட்ரெஃபைன் பயாப்சியில் ரெட்டிகுலின் நார்கள் லேசாகக் கூடியிருந்தன, கவலைப்படும் அளவுக்கு இல்லை.

அப்புறம் அந்தச் செல்.

ஸ்மியரின் வால் பகுதிக்கு ஸ்லைடை நகர்த்தியபோதுதான் கண்ணில் பட்டது. பெரிய செல்கள் இழுபட்டுப்போய் அங்கேதான் ஒதுங்கும், அதனால் அந்தப் பகுதியைப் பார்க்காமல் நான் ஸ்லைடைக் கீழே வைப்பதில்லை. பக்கத்தில் கிடந்த சிவப்பணு 7 மைக்ரான் என்றால் இது குறைந்தது 50 மைக்ரான். உட்கரு சிறியது, ஒரு ஓரத்துக்குத் தள்ளப்பட்டு, வீட்டுக்காரரையே மூலையில் உட்காரவைத்த மாதிரி இருந்தது. மீதி முழுக்க சைட்டோபிளாசம், அதுவும் நிறம் வெளுத்த சாம்பல் நீலத்தில், கோடு கோடாக, கசக்கிப்போட்டு மறுபடி விரித்த டிஷ்யூ காகிதம் போல. ஃபோகஸ் திருகை முன்னும் பின்னுமாக அசைத்தால் அந்தச் சுருக்கங்கள் ஒன்று மறைய இன்னொன்று எழும். சில இடங்களில் இதே செல் துகள்களால் நிரம்பி அடர் நீலமாகவும் இருந்தது, அதைக் கடல்நீல ஹிஸ்டியோசைட் என்போம். பத்து மடங்கு லென்ஸில் ஒரு பார்வைப் பரப்புக்கு இரண்டு மூன்று வீதம் கிடைத்தன.

பாடப்புத்தகத்தில் இந்தப் படத்துக்குக் கீழே போட்டிருக்கும் பெயர் கோஷே செல். காச்சர் என்றும் சிலர் சொல்வார்கள், பிரெஞ்சுப் பெயர், எப்படிச் சொன்னாலும் முழுதாகச் சரியாக வராது. ஃபிலிப் கோஷே மருத்துவ மாணவராக இருந்தபோது, 1882-இல், மண்ணீரல் வீங்கிய ஒரு பெண்ணிடம் இந்தச் செல்களைக் கண்டு விவரித்தார், அது மண்ணீரலில் எழுந்த ஒரு கட்டி என்று நினைத்தார். அது கட்டி இல்லை, குளுக்கோசெரிப்ரோசைடு என்ற கொழுப்பு செல்லுக்குள் தேங்குகிறது என்பது 1934-இல் தெரியவந்தது, அதைச் சிதைக்க வேண்டிய குளுக்கோசெரிப்ரோசிடேஸ் என்ற என்சைம் குறைவதுதான் காரணம் என்பது 1965-இல். இப்படிச் செல்லுக்குள் ஏதாவது தேங்கும் நோயைச் சேமிப்பு நோய் என்போம். அவர் சேமிப்பு நோயைப் புற்று என்று நினைத்தார். என் ரிப்போர்ட்டோ புற்றுநோய் உள்ள ஒரு குடும்பத்தைச் சேமிப்பு நோய் என்று நினைக்கவைத்தது.

ரிப்போர்ட்டில் நான் எழுதியது ஏறக்குறைய இப்படி: மஜ்ஜை செல் நிறைவு மிக அதிகம், கிரானுலோசைட் வரிசை மேலோங்கியுள்ளது, பிளாஸ்ட் 3 சதவீதம், கோஷே போன்ற செல்கள் காணப்படுகின்றன, சி.எம்.எல். நாள்பட்ட கட்டத்துக்குப் பொருந்துகிறது, குரோமோசோம் ஆய்வோடு சேர்த்துப் பார்க்கவும். எங்கள் துறையில் யார் படித்தாலும் நான்காவது வரியைத் தாண்டிப் போய்விடுவார்கள். படித்தது நோயாளியின் மகள்.

இரண்டு நாள் கழித்து அவர் நேராக லேபுக்கே வந்துவிட்டார். ஐந்து மாதக் கர்ப்பிணி. கையில் போன், அதில் கோஷே நோய் பற்றித் தேடி எடுத்த பக்கங்கள். "டாக்டர், அம்மாவுக்கு ரத்தப் புற்றுநோய்னு சொன்னாங்க, அதைத் தாங்கிக்கிட்டோம். இது பரம்பரை நோய்னு போட்டிருக்கே, எனக்கும் இருக்குமா, என் குழந்தைக்கும் வருமா?" என்று கேட்டார். அம்மாவுக்கு இரண்டு நோய் இருப்பதாகவும், இரண்டாவதை யாரும் தங்களிடம் சொல்லவில்லை என்றும் அவர்கள் முடிவே கட்டியிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்லவே முடியாது. பெரிய மண்ணீரல், சோர்வு, ரத்தசோகை, மஜ்ஜையில் கோஷே செல் என்று அந்தப் பக்கங்களில் இருந்த அறிகுறிகளில் பாதி அம்மாவுக்கு அப்படியே பொருந்தியது.

உட்காரவைத்து, மைக்ராஸ்கோப்பையே காட்டி விளக்கினேன். அங்கே சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே சொல்கிறேன்.

நம் மஜ்ஜை நாள் ஒன்றுக்குச் சுமார் பத்தாயிரம் கோடி நியூட்ரோஃபில்களை உற்பத்தி செய்கிறது. அவற்றின் ஆயுள் குறைவு. செத்துப்போன செல்களை அள்ளித் தின்று செரிப்பது மேக்ரோஃபேஜ்களின் வேலை. செல்லின் சவ்வில் உள்ள கொழுப்புகளைப் படிப்படியாக வெட்டிக்கொண்டே வரும்போது ஒரு படியில் குளுக்கோசெரிப்ரோசைடு வரும், அதை அந்த என்சைம் வெட்டும், வேலை முடியும். கோஷே நோயில் வருகிற குப்பை வழக்கமான அளவுதான், ஆனால் அரைக்கிற எந்திரம் பழுது. சி.எம்.எல்.-இல் எந்திரம் நன்றாக ஓடுகிறது, குப்பைதான் பல மடங்கு வந்து குவிகிறது. ராப்பகலாக ஓடியும் தீராமல் மிச்சம் தேங்குகிறது, தேங்கினால் செல் அதே மாதிரி வீங்கிச் சுருங்கிக் காகிதமாகிறது. ஆகவே இதன் பெயர் போலி கோஷே செல். தேங்குகிற சரக்கு ஒன்று, காரணம் வேறு.

இதில் இன்னொரு விஷயமும் உண்டு, மகளிடம் சொல்லவில்லை, குழப்பம் கூடும் என்று விட்டுவிட்டேன். இந்த மேக்ரோஃபேஜ்கள் வெளியாள் இல்லை. மேக்ரோஃபேஜின் முன்னோடி மோனோசைட், அதுவும் அதே ரத்த மூலசெல்லின் வாரிசு, மரபணுவை ஒளிரவைத்துக் காட்டும் ஃபிஷ் சோதனையில் இந்தப் போலி கோஷே செல்களின் உட்கருவிலும் சி.எம்.எல்.-இன் மரபணு இணைப்பைப் பார்த்திருக்கிறார்கள். அதாவது குப்பை போடுகிறவனும் குப்பை அள்ளுகிறவனும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

சரி, ஸ்லைடில் மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முடியுமா? ஓரளவுக்குத்தான். இரும்பைக் காட்டும் பெர்ல்ஸ் சாயம் போட்டால் உண்மையான கோஷே செல் பெரும்பாலும் மங்கலாக, செல் முழுக்கப் பரவினாற்போல நீலம் பிடிக்கும், போலிச் செல் பிடிக்காது. இந்தக் கேஸில் பிடிக்கவில்லை. ஆனால் சி.எம்.எல். மஜ்ஜையில் இரும்புச் சேமிப்பே பல நேரம் காணாமல் போயிருக்கும், அதனால் நீலம் இல்லை என்பதை மட்டும் வைத்துச் சத்தியம் செய்ய நான் தயாரில்லை. எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் உண்மைச் செல்லில் முறுக்கிய குழாய்கள் போன்ற அமைப்புகள் தெரியும், போலியில் பொதுவாகத் தெரியாது. அதற்காக யாரும் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பைத் தேடிப் போவதில்லை.

என்னைக் கேட்டால் விடை மஜ்ஜையில் இல்லை, ரத்த எண்ணிக்கையில் இருக்கிறது. கோஷே நோயில் மண்ணீரல் வீங்கும்போது அது ரத்த அணுக்களைப் பிடித்துவைத்துக்கொள்ளும், மஜ்ஜையையும் இந்தச் செல்கள் அடைத்துக்கொள்ளும், ஆக பிளேட்லெட் இறங்கும், ஹீமோகுளோபின் இறங்கும், வெள்ளணுவும் இறங்கலாம். எலும்பு வலி, எலும்பு முறிவு, தொடை எலும்பின் கீழ்முனை குடுவை மாதிரி அகன்றுபோவது எல்லாம் சேரும். இங்கே வெள்ளணு 1,86,000, பிளேட்லெட் 6,40,000, எலும்பில் ஒரு வலி கூட இல்லை. மண்ணீரலின் அளவு ஒன்றாக இருக்கலாம், எண்ணிக்கை எதிர்த்திசையில் போகிறது.

போலி கோஷே செல் சி.எம்.எல்.-இல் மட்டும் வருவது என்றும் நினைத்துவிடக் கூடாது. தலசீமியா, பிறவியிலேயே சிவப்பணு உற்பத்தி கோளாறாகி வரும் டிஸ்எரித்ரோபொயெட்டிக் ரத்தசோகை என்று செல் உற்பத்தியும் அழிவும் அதிகமாக இருக்கிற எந்த இடத்திலும் வரலாம். மல்டிபிள் மயலோமாவில் கொழுப்புக்குப் பதில் இம்யூனோகுளோபுலின் படிகங்கள் நிறைந்து இதே தோற்றம் தரும். எய்ட்ஸ் நோயாளிகளில் மைக்கோபாக்டீரியம் ஏவியம் வகைக் கிருமிகள் மேக்ரோஃபேஜுக்குள் கற்றை கற்றையாகக் கிடக்கும், வழக்கமான சாயம் அவற்றில் ஏறாததால் வெறும் கோடுகளாகத் தெரிந்து சுருங்கிய காகிதம் போலவே ஏமாற்றும், ஆசிட் ஃபாஸ்ட் சாயம் போட்டால்தான் சிவப்பாக எழுந்து நிற்கும். ஆளின் கதை தெரியாமல் இந்தச் செல்லுக்குப் பெயர் வைப்பது வம்பு.

குரோமோசோம் முடிவு அடுத்த வாரம் வந்தது. பார்த்த 20 மெட்டாஃபேஸ்களிலும், அதாவது பிரிந்துகொண்டிருக்கும் செல்களிலும், 9-ஆம், 22-ஆம் குரோமோசோம்களுக்கு இடையே இடமாற்றம், அதாவது பிலடெல்பியா குரோமோசோம். 1960-இல் நோவெலும் ஹங்கர்ஃபோர்டும் சின்னதாகக் குறுகிய ஒரு குரோமோசோமாக இதைப் பார்த்தார்கள், அது இரண்டு குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொண்டதன் விளைவு என்று 1973-இல் ஜேனட் ரௌலி காட்டினார். இடமாற்றத்தில் பிறக்கும் இணைப்பு மரபணுவின் பெயர் பிசிஆர்-ஏபிஎல்1. அதை அளக்கும் பாலிமரேஸ் சோதனையின் சுருக்கமும் தமிழில் எழுதினால் பிசிஆர் என்றே வந்து தொலைக்கிறது, ஆகவே இங்கே அந்தச் சோதனையைப் பாலிமரேஸ் என்றே எழுதிவிடுகிறேன். இந்த இடமாற்றம் வாழ்நாளில் ஒரு மூலசெல்லில் நடந்த விபத்து. கருமுட்டையில் இல்லை, பிள்ளைக்குப் போகாது.

மகளின் கேள்விக்கு அதுவே பதில். உண்மையான கோஷே நோய் இருந்தாலும் கூட, அது ஒடுங்கு பண்பாக வருவது, பழுதான மரபணு அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் வந்தால்தான் நோய். அம்மாவுக்கு இருந்தால் மகள் நிச்சயமாகக் கடத்தி, ஆனால் அப்பாவும் கடத்தியாக இருந்தால் தவிர நோயாளி இல்லை. இதையும் சொன்னேன். தலையாட்டினார், ஆனாலும் முகம் தெளியவில்லை.

சிகிச்சை தரும் மருத்துவர் வெள்ளணுவில் அந்த என்சைம் அளவைப் பார்க்க எழுதிக்கொடுத்தார். தேவையில்லை என்று நான் சொன்னேன். குடும்பத்துக்கு நிம்மதி வேண்டும் என்றார் அவர். முடிவு இயல்பு அளவின் மேல் எல்லையை ஒட்டி வந்தது, சி.எம்.எல்.-இல் அப்படித்தான் வரும், இயல்பாகவோ அதற்கு மேலோ. அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் மகளின் முகம் மாறியது. நோயறிதலுக்குப் பயனில்லாத ஒரு டெஸ்டைச் செய்தது சரியா என்று எனக்கு இன்னும் இரண்டு மனம்தான். நான் அந்த நான்காவது வரியை ஒழுங்காக எழுதியிருந்தால் அந்த டெஸ்டே வேண்டியிருக்காது என்பதில் மட்டும் ஒரே மனம்.

சிகிச்சையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யூரிக் அமிலத்துக்கு அல்லோபியூரினால், எண்ணிக்கையைக் கீழே கொண்டுவரச் சில நாள் ஹைட்ராக்சியூரியா, அப்புறம் தினமும் 400 மி.கி. இமாட்டினிப். 2001-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து அது, அதற்கு முன் இந்த நோயின் கதையே வேறு. ஆறே வாரத்தில் வெள்ளணு சாதாரண அளவுக்கு வந்தது, மண்ணீரல் கைக்குத் தட்டுப்படுவது குறைந்துகொண்டே போனது.

பத்தாவது வாரத்தில் ஒரு சறுக்கல். நியூட்ரோஃபில் 800, பிளேட்லெட் 48,000. இமாட்டினிப் தொடங்கிய முதல் சில மாதங்களில் இது நடப்பதுதான். நோய்ச் செல்களின் கூட்டம் இவ்வளவு நாளாக இடத்தைப் பிடித்துவைத்திருந்தது, அது ஒடுங்கியதும் நல்ல மூலசெல்கள் எழுந்து உற்பத்தியைத் தொடங்கக் கொஞ்ச காலம் ஆகும். நியூட்ரோஃபில் 1,000-க்கும் கீழே அல்லது பிளேட்லெட் 50,000-க்கும் கீழே போனால் மருந்தை நிறுத்திவைத்து, 1,500-க்கும் 75,000-க்கும் ஏறியதும் மறுபடி தொடங்குவது வழக்கம். அப்படியே செய்தார்கள். நோய் முற்றுகிறதா, நார் கூடுகிறதா என்ற சந்தேகத்தில் மஜ்ஜையும் மறுபடி எடுத்தார்கள்.

அந்த ஸ்லைடை முதலில் பார்த்தது என்னிடம் பயிற்சியில் இருந்தவர். "மேடம், எல்லாம் குறைஞ்சிருக்கு, ஆனா அந்தச் செல் மட்டும் முன்னைவிட அதிகமா இருக்கு, மருந்து கேக்கலையா?" என்று கொஞ்சம் பதற்றமாகக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன். அவர் சொன்னதில் தப்பில்லை. செல் நிறைவு 30 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது, கொழுப்பு வெள்ளை வட்டங்களாகத் திரும்பியிருந்தது, மெகாகேரியோசைட்கள் மடல் விரிந்து ஓரளவு ஒழுங்கான உருவத்துக்கு வந்திருந்தன, பேசோஃபிலைக் காணோம். நடுநடுவே காகிதச் செல்கள் மட்டும் கூட்டம் கூட்டமாக, முன்பு எந்தக் காலத்திலும் தெரியாத அளவுக்குத் துல்லியமாக நின்றன.

கூட்டம் கலைந்த மைதானத்தில் நிற்கிற நாலு பேர் அதிகமாகத் தெரிகிற மாதிரிதான் இது. எண்ணிக்கை கூடியதா என்றால், பரப்புக்கு எண்ணினால் கொஞ்சம் கூடவே இருந்தது. ஆனால் சுற்றிலும் இருந்த செல்கள் காலியானதும் மஜ்ஜை சுருங்கி, இருப்பவை நெருங்கிவிடுகின்றன. அதோடு, மருந்து கொன்ற லுகேமியாச் செல்கள் எல்லாம் கடைசியாக இவற்றின் வயிற்றுக்குள்தான் போயிருக்கின்றன. மேக்ரோஃபேஜுக்கு ஆயுள் அதிகம், தேங்கிய கொழுப்பைக் கரைக்கவும் காலம் எடுக்கும். நோய் போன பிறகும் இவை மாதக்கணக்கில் மிஞ்சி நிற்பது தெரிந்த சங்கதிதான். இவற்றை எண்ணி நோயின் அளவைச் சொல்ல முடியாது.

அதைச் சொல்லும் எண்கள் வேறு இடத்தில் வந்தன. அதே மஜ்ஜையில் 20 மெட்டாஃபேஸில் 4-இல் மட்டும் பிலடெல்பியா குரோமோசோம், முன்பு 20-க்கு 20. மூன்றாவது மாத ரத்தத்தில் பாலிமரேஸ் சோதனையில் பிசிஆர்-ஏபிஎல்1 அளவு பன்னாட்டு அளவுகோலின்படி 6.2 சதவீதம். மூன்று மாதத்தில் 10 சதவீதத்துக்குள் வந்தால் சரியான பாதை, இரண்டு வாரம் மருந்தை நிறுத்தியும் அதற்குள் வந்திருக்கிறார்.

ஒரு விதிவிலக்கை மட்டும் பயிற்சி மருத்துவரிடம் சொல்லிவைத்தேன். நோய் முழுதாக அடங்கி, பிசிஆர்-ஏபிஎல்1 கண்ணுக்கே தெரியாத அளவுக்குப் போன பிறகும் மண்ணீரல் வீங்கியே இருக்கிறது, பிளேட்லெட் குறைவாகவே இருக்கிறது, இந்தச் செல்களும் ஆண்டுக்கணக்கில் நிற்கின்றன என்றால் அப்போது என்சைம் டெஸ்ட் எழுதலாம், கூச்சப்பட வேண்டாம். ஒருவருக்கு இரண்டு நோயும் இருக்கக் கூடாது என்று சட்டம் இல்லை.

இந்த முறை ரிப்போர்ட்டை நானே எழுதினேன். "மஜ்ஜையில் கொழுப்பு தேங்கிய மேக்ரோஃபேஜ்கள் காணப்படுகின்றன. சி.எம்.எல்.-இல் செல்கள் அதிகமாக அழிவதால் இரண்டாம்பட்சமாக ஏற்படுவது, சிகிச்சைக்குப் பின்னும் சில காலம் நிற்கும். இது பரம்பரைச் சேமிப்பு நோயின் அடையாளம் அல்ல. நோய் முற்றியதற்கான அடையாளமும் அல்ல." நாலு வரி ஆகிவிட்டது, துறையில் ஒருவர் நீளம் என்று முகம் சுளித்தார். கோஷே என்ற சொல் அதில் எங்கும் இல்லை. பழைய ரிப்போர்ட்டுக்கும் ஒரு திருத்தக் குறிப்பு சேர்த்து, கோப்பில் இருந்த பிரதியோடு இணைத்துக் கொடுத்தேன்.

பிசிஆர்-ஏபிஎல்1 அளவு ஆறாவது மாதம் 0.7 சதவீதம், பன்னிரண்டாவது மாதம் 0.08 சதவீதம். 0.1-க்குக் கீழே வந்துவிட்டால் பெரிய மூலக்கூறு நிலை மறுமொழி என்போம், அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டார். மண்ணீரல் தட்டுப்படவில்லை, எடையில் நான்கு கிலோ திரும்பியிருக்கிறது. மகளுக்குக் குழந்தை பிறந்துவிட்டது. இனி ரத்தத்திலேயே எல்லாவற்றையும் அளந்துவிடலாம் என்பதால் மஜ்ஜை மறுபடி எடுக்கப்படவில்லை. அந்தக் காகிதச் செல்கள் இன்னும் அங்கே இருக்கின்றனவா என்று பார்க்க எனக்கு ஆசைதான், ஆனால் என் ஆசைக்காக ஒருவரின் இடுப்பெலும்பில் ஊசி குத்த முடியாது.